சுவரில் மாட்டிய மருமகள்

அந்த மருந்துக் கடையில் தூசு படியாத பொருள் ஒன்றே ஒன்றுதான். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய மருமகளின் பட்டம். கடை திறந்ததும் மாமனாருக்கு முதல் வேலை அதைத் துடைப்பது. மருமகள் எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவள் பட்டத்திடம் மட்டும் அப்படி ஒரு பணிவு.

பணிவுக்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தில் படித்த மருந்தாளுநர் ஒருவரின் பெயர் இல்லாமல் கடைக்கு உரிமம் கிடையாது. முன்பெல்லாம் யாரோ ஒருவரின் சான்றிதழை மாத வாடகைக்கு வாங்கி மாட்டியிருந்தார். அந்த மனிதர் வீட்டில் படுத்துக்கொண்டே வாடகையை ஏற்றிக்கொண்டு போனார். மாமனார் யோசித்தார். மகனுக்குப் பெண் பார்த்தபோது நிறம் கேட்கவில்லை, குணம் கேட்கவில்லை. "பொண்ணு பாஸ் பண்ணிடுச்சா, இல்ல பேப்பர் ஏதும் பாக்கி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தெருவில் அவருக்குத் 'தள்ளுபடி' என்று பெயர். தலைவலி மாத்திரைக்குக்கூட ஆளைப் பேரம் பேசவிடுவார். தோற்றுப்போனவர் போல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விலையைக் குறைப்பார். ஜெயித்த மகிழ்ச்சியில் வாடிக்கையாளர் நிற்கும்போது, கேட்காத சத்து டானிக் ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவார்.

கல்யாணமான புதிதில் மருமகள் கேட்டாள்: "மாமா, நானும் முன்னாடி நின்னு மருந்து குடுக்கட்டுமா?"

"நீ எதுக்கும்மா கால் கடுக்க நிக்கணும்? உன் பேர்தான் நமக்காக நிக்குதே!"

கணவன் சிரித்தான். அவளும் பேருக்குச் சிரித்து வைத்தாள். சட்டம் போட்டு மாட்டப்படுகிறவர்கள் வழக்கமாகச் செத்துப்போனவர்கள்தான் என்ற நினைப்பு அன்று அவளுக்கு வந்துபோனது.

கிடைத்தது பின்கட்டு அறை. ஒரு மாத்திரை உடம்புக்குள் போய் எங்கே கரைகிறது, எதைத் தொடுகிறது, எதைக் கெடுக்கிறது என்று கற்றுத் தேறியவள் கையில் ஒரு கத்தரிக்கோல். அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரத்தை வெட்டி டப்பாவில் போடவேண்டும். பெயரில்லாத துண்டுகள்தான் விற்பனைக்குப் போகும். அது மாமனாரின் தொழில் முறை.

"பேர் தெரிஞ்சா அடுத்த கடையில விலை கேப்பான். தெரியாட்டி நம்மகிட்டதான் திரும்பி வரணும்."

தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே வெட்டினாள். முதலில் கை கூசியது. பிறகு வெங்காயம் நறுக்குவதுபோல் ஆகிவிட்டது.

ஒரு மதியம் கடையில் குழறலாக ஒரு குரல் கேட்டது. எதிர்வரிசைத் தையல்கடை அக்கா.

"வாய்ப்புண்ணுக்குக் களிம்பு இருந்தா குடு தம்பி. ஊர் துணியெல்லாம் தைச்சவ வாயை யாரோ உள்ளேருந்து தைச்சிட்டாங்க போல."

"காரமா ஏதாச்சும் சாப்பிட்டீங்களாக்கா?" என்றான் கணவன்.

"தண்ணியே இறங்கல. இதுல காரம் எங்க?"

மருமகள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அக்காவின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. முன்கையில் அடிபடாமலே கன்றிய நீலத் திட்டுகள். தொட்டால் கொதித்தது.

"என்ன மாத்திரைக்கா சாப்பிடறீங்க?"

"மூட்டு வலிக்குத்தான். உங்க வீட்டுக்காரர் குடுத்தது." பையிலிருந்து காகித உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள் அக்கா. உள்ளே பெயரில்லாத துண்டுகள், சின்ன மஞ்சள் மாத்திரைகள். வெட்டியவளுக்குத் தெரியாதா? வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடவேண்டிய மாத்திரை. உறையின் மேல், எல்லா உறையிலும் போடுவதுபோல், 'தினமும் இரவு' என்று கணவன் கிறுக்கியிருந்தான்.

"தினமுமா சாப்பிட்டீங்க?"

"ஒரு நாள்கூட விடலம்மா. விடாம சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாரே."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் களிம்பு தேடுகிறவன்போல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"அக்கா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானும் வரேன்."

மாமனார் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். குரல் தேனாக ஒழுகியது.

"அந்தம்மா போகட்டும். நான் வேணாம்னு சொல்லல. நீ எதுக்கு? எந்த மாத்திரைன்னு நீ வாயைத் திறக்காதே."

"சொல்லலேன்னா காய்ச்சல்னு நெனச்சு எதையாவது குடுப்பாங்க மாமா. இதோட விஷத்தை முறிக்க மாற்று மருந்து தனி. பேர் தெரியணும். இப்பவே தாமதம்."

"கேட்டா யார் பேரைச் சொல்லுவாங்க? என் பேரா, உன் புருஷன் பேரா? சுவத்துல யார் பேர் இருக்கு? படிச்ச பொண்ணுக்கு இதுகூடவா புரியல?"

புரிந்தது. அவள் பேசாமல் நின்றதைப் பேரம் படிகிற அறிகுறியாக எடுத்துக்கொண்டு அவர் இறங்கி வந்தார்.

"சரி, ஒண்ணு செய்வோம். நாளையிலேருந்து முன்னாடி நீயே நில்லு. வெள்ளைக் கோட்டு தைச்சுப் போட்டுக்க. உன் இஷ்டப்படி கடையை நடத்து. போதுமா?"

போதுமா என்றால், அவள் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். பட்டமளிப்பு மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது அப்பா இருக்கையைவிட்டு எழுந்து நின்று கைதட்டினாரே, அது இதற்காகத்தான். ஒரு மூச்சு நேரம் அந்தக் கோட்டு தோளில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அந்தத் தெருவில் கோட்டு தைக்கத் தெரிந்த ஒரே ஆள் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

டப்பாவைக் கவிழ்த்தாள். நறுக்கிய ஓரங்களைக் கிளறி, அந்த மஞ்சள் மாத்திரையின் பெயருள்ள துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் துண்டைப் படித்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். மாற்று மருந்துக்கு ஆளை ஓடவிட்டார். பிறகுதான் இவள் பக்கம் திரும்பினார்.

"தினமும் சாப்பிடச் சொன்னது எந்தக் கடை? அங்க மருந்தாளுநர்னு ஒருத்தர் இருக்காங்களா இல்லையா?"

"இருக்காங்க. நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சீங்களா, இல்ல வாங்கினீங்களா?"

அவள் கடையின் பெயரைச் சொன்னாள். டாக்டர் தகவல் கொடுக்க, அன்று சாயங்காலமே மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடைக்குப் போனார்கள். மாத்திரை கொடுத்தது அவள்தான் என்று கணவன் கையெழுத்துப் போட்டான். சட்டத்தோடு பட்டத்தை எடுத்துப்போனார்கள். கடையைப் பூட்டி வைத்தது கொஞ்ச நாள்தான். பழைய சான்றிதழ்க்காரர் முன்னைவிட உசத்தி விலை கேட்க, மாமனார் பேரமே பேசாமல் கொடுத்தாராம். தெரு முழுக்க அதுதான் பேச்சு. அதே ஆணியில் இப்போது வேறு பெயர்.

மருமகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. தையல்கடை அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தாள். அக்காவின் ரத்த அணுக்கள் இன்னும் ஏறவில்லை. டாக்டர் நம்பிக்கையாக எதையும் சொல்லவில்லை. அக்காவின் விரல்கள் மட்டும் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து எதையோ தைத்துக்கொண்டிருந்தன.

நர்ஸ் மாத்திரைக் கோப்பையோடு வந்தாள். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"வாயைத் திறங்கம்மா, எனக்கு நூறு வேலை இருக்கு."

"அட்டையைக் காட்டுங்க, சிஸ்டர்," என்றாள் மருமகள்.

"நீங்க யாரு இதைக் கேக்க?"

முன்பென்றால் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல ஒன்றும் இல்லை.

"கூட வந்தவ. அட்டையைக் காட்டுங்க."

நர்ஸ் முணுமுணுத்தபடி பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். மருமகள் பெயரைப் படித்தாள், அளவைப் படித்தாள், தேதியைப் படித்தாள். தலையசைத்தாள். அக்கா மெல்ல வாயைத் திறந்தாள்.