மாப்பிள்ளைக்குத்தான் பார்க்கணும்

சுகாதார நிலையத்துக்கு மனநல மருத்துவர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். கட்டணம் இல்லை. தனியாரிடம் போக என் சம்பளம் தாங்காது.

மனைவி இறந்தபிறகு, இரவில் குழந்தை அழுவது எனக்குக் கேட்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. மாமியார்தான் தூக்கிக்கொள்கிறார். அவரும் மாமனாரும் ஊர் திரும்பிவிட்டால் யார் தூக்குவது? இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

துணைக்கு மாமனார் வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை.

குழந்தைகளுக்கு எடை பார்க்கும் மேசையில்தான் நர்ஸ் விசாரித்தார்.

“தூக்கம் வருதா?”

வாயைத் திறந்தேன்.

“எங்க வருதும்மா?” என்றார் மாமனார். “கண்ண மூடினா அவ முகம்தான்.”

“சாப்பாடு?”

“தொண்டைல இறங்க மாட்டேங்குது.”

“அழுகை வருதா?”

“குளிக்கும்போது. தண்ணியத் திறந்து விட்டுட்டு.”

நான் இன்னும் அழவே இல்லை.

நர்ஸ் நிமிர்ந்தார். “ஐயா, யாருக்குப் பார்க்கணும்?”

“மாப்பிள்ளைக்குத்தான். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

“அப்ப கல்லு கொஞ்சம் வாய மூடிக்கட்டும்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மூடவில்லை.

உள்ளே மருத்துவர், “சொல்லுங்க” என்று என்னைப் பார்த்தார். மாமனார் சொன்னார். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது, கடைசி நாளில் ஆஸ்பத்திரிக்காரர்கள் இவரை வராந்தாவிலேயே நிறுத்திவைத்தது, எல்லாம். சொல்லச் சொல்ல மூக்கைச் சிந்தினார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய நேரம். அடுத்தவர் கதவைத் தட்டிவிட்டார்.

“மாமா, போதும் நிறுத்துங்க!” கத்திவிட்டேன். “டாக்டர், ராத்திரி குழந்தை அழுதா எனக்குக் கேக்குது. எழுந்திரிக்க முடியல. முழிச்சிக்கிட்டே படுத்திருக்கேன். அத்தைதான் தூக்குறாங்க.”

மாமனார் கைக்குட்டையை இறக்கினார். “தூங்குறீங்கன்னுல்ல நெனச்சோம்.”

மருத்துவர் அவரிடம் சொன்னார்: “நீங்களும் முழிச்சிதானே இருக்கீங்க? இனிமே குழந்தை அழுதா நீங்க தூக்காதீங்க, உங்க வீட்டம்மாவையும் தூக்க விடாதீங்க. இவரக் கையப் பிடிச்சு எழுப்பி, குழந்தைகிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க. தனித்தனியா.”

“எனக்கெதுக்கும்மா?”

அவர் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

பஸ் நிறுத்தம்வரை மாமனார் முனகிக்கொண்டே வந்தார். பிறகு, “உங்க அத்தைக்குத் தெரிய வேணாம்” என்றார்.

“எது மாமா? நான் முழிச்சிருந்தும் எழுந்திரிக்காததா, நீங்க டாக்டர்கிட்ட வர்றதா?”

“ரெண்டும்தான்.”