பத்து நிமிடம் காது

டிங்!

வக்கீல் நாற்காலியிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி உட்கார்ந்தார். லாட்ஜ் வரவேற்பறைகளில் இருக்குமே, தலையில் தட்டினால் அலறும் பித்தளை மணி, அது மேஜை மேல் இருந்தது.

“ஒண்ணு,” என்றாள் பயிற்சியாளர். “உங்க கட்சிக்காரம்மா ‘வணக்கம் சார்’னுதான் சொன்னாங்க. அதுக்குள்ள நீங்க கோர்ட் ஃபீஸ் சட்டத்துக்குப் போயிட்டீங்க.”

“இல்லம்மா, ஒரு சின்ன முன்னுரை...”

டிங்!

“ரெண்டு.”

கோர்ட்டில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ. முப்பத்தோரு வருடமாக நீதிபதிகள் அவர் வழக்கு வரும் நாளில் தலைவலி மாத்திரையோடுதான் ஆசனத்தில் ஏறினார்கள். அப்படிப்பட்டவர் தலையில்தான் புது விதி வந்து விழுந்தது: எல்லா வக்கீல்களுக்கும் மறுபயிற்சி. மனு எழுதுவதில் தேறிவிட்டார். குறுக்கு விசாரணையிலும் தேறிவிட்டார். சாட்சியாக நடித்தவர் பாதியில் மயங்கி விழுந்தது தனிக் கதை. மூன்றாவது பாடத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

அது கேட்கும் பாடம். சொந்தக் கட்சிக்காரர் ஒருவரை அழைத்து வந்து, பத்து நிமிடம் பேசவிட வேண்டும். கேள்வி கேட்கலாம், பிரசங்கம் கூடாது. மூன்றாவது மணி அடித்தால் தோல்வி. இரண்டு முறை தோற்றாயிற்று. இன்றும் தோற்றால் ஆறு மாதத்துக்குக் கறுப்புக் கோட்டை மடித்துப் பீரோவில் வைக்க வேண்டியதுதான்.

“ஆறு மாசம் பகல் பூரா வீட்லயா இருப்பீங்க?” என்று காலையில் மனைவி பதறினாள். “கையெடுத்துக் கும்பிடறேன், எப்படியாவது பாஸ் பண்ணிட்டு வாங்க.”

பழைய பதிவேட்டு அறையை ஒழித்துப் பயிற்சிக் கூடமாக்கியிருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. அதற்கு மட்டும் யாரும் மணி அடிக்கவில்லை. பயிற்சியாளர் ஒரு காலத்தில் இவரிடம் ஜூனியராக இருந்தவள். மூன்று வருடம் இவருடைய வழக்குக் கட்டுகளைச் சுமந்தாள். வேலையை விடுகிறேன் என்று சொல்லவே அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. வாக்கியத்தை முடிக்க இவர் விட்டால்தானே!

“சார், இன்னும் ஒரே ஒரு மணிதான்,” என்றாள். குரலில் மரியாதை இருந்தது. விரல் மணிக்கு மேலே தயாராக இருந்தது.

எதிரே அந்தக் கட்சிக்காரர், ஒரு தையற்கார அம்மாள், பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். “வாயே திறக்காத ஆளா ஒருத்தரைப் பிடிச்சுட்டு வாய்யா” என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டிருந்தார் வக்கீல். அவன் யோசிக்கவே இல்லை. ஆறு வருடமாக வாய்தாவுக்கு வாய்தா வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் வாயில்லாப் பூச்சி இந்த அம்மாள். அண்ணன் மேல் பாகப்பிரிவினை வழக்கு. அடுத்த வாரம் தீர்ப்பு. ஜெயிப்பது உறுதி.

வக்கீல் பேனாவைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. அந்த அம்மாள் பேசவில்லை. எட்டாவது நிமிடத்தில் வக்கீலின் நெற்றி வியர்த்தது. உள்ளே ஏழெட்டுச் சட்டப்பிரிவுகள் முட்டி மோதின.

“நான் பேசலாங்களா?” என்றார் அந்த அம்மாள், மணியைப் பார்த்து.

“அது சாருக்கு மட்டுந்தாம்மா,” என்றாள் பயிற்சியாளர். “நீங்க பாட்டுக்குப் பேசுங்க.”

“அம்மா போனப்புறம், வீட்டுல எனக்கும் பாதி இருக்குன்னு அண்ணன் சொன்னார். அவரே சொன்னாருங்க, நான் கேக்கலை. அந்த வாரமே சார்கிட்ட வந்தேன். ‘வீட்டுல எனக்குப் பாதி’ன்னு ஆரம்பிச்சேன். சார் உடனே எழுந்து நின்னுட்டாங்க.”

வக்கீலுக்கு நன்றாக நினைவிருந்தது. பெண்களின் சொத்துரிமை பற்றி அன்று முக்கால் மணி நேரம் முழங்கியிருந்தார். அடுத்த அறை வக்கீல் கைதட்டியதாகக்கூட ஞாபகம்.

“எனக்கு ஒண்ணும் புரியலை. நல்லாப் பேசுறாரேன்னு பார்த்துட்டே இருந்தேன். கடைசியில காகிதத்தை நீட்டினாங்க. முறை இப்படித்தான் போலன்னு கையெழுத்துப் போட்டேன். அண்ணன் கையில நோட்டீஸ் கிடைச்ச அன்னிக்கே என்கிட்ட பேச்சை நிறுத்திட்டார். எனக்கு முதல் தையல் மிஷின் வாங்கித் தந்தவர் அவர். இப்ப கோர்ட் வராந்தாவுல அந்தக் கோடியில அவர், இந்தக் கோடியில நான். போன வாய்தாவுக்கு ஊன்றுகோலோட வந்தார். என்னன்னு கேக்கக்கூட முடியலை.”

பேனா வக்கீலின் வாயிலிருந்து நழுவி விழுந்தது. இன்னும் ஒரு நிமிடம் பாக்கி. சும்மா இருந்தால் போதும், கோட்டு தப்பித்துவிடும். மனைவியும் தப்பித்துவிடுவாள்.

“அப்ப...” என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பயிற்சியாளரின் விரல் மணியைத் தொட்டது. “அப்ப நீங்க என்கிட்ட எதுக்கும்மா வந்தீங்க?”

விரல் அப்படியே நின்றது. முப்பத்தோரு வருடத்தில் பதில் வேண்டி அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாள் பையின் காதைத் திருகினார்.

“என் பாதியையும் அண்ணன் பேருக்கே எழுதிக் குடுத்துடலாம்னுதாங்க சார் வந்தேன்.”