பேர்ணடெற்றின் ஏழாம் விசை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1997இல், போர்க்காலக் கொழும்பின் கொட்டாஞ்சேனையில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், சுற்றிவளைப்புகளில் கைதான தமிழர்களுக்காக வெளிநாட்டு அமைப்புகளுக்கு மின்னஞ்சல் அனுப்பும் சின்ன அலுவலகம். அங்கே நானும் பேர்ணடெற்றும் வேலை செய்தோம்.

தொடக்கம்: துறைமுகத்தின் மேல் விடியல் இரத்தச் சிவப்பாய்... (வேண்டாம். அந்த விடியலில் நான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

2

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து முகவரி, தலைப்பு, வழக்கமான பந்திகள், கோப்புக்கு ஒரு பிரதி. எல்லாம் விசை விசையாக அடிக்க வேண்டும். பேர்ணடெற் ஒரு மதியம் ரோல்ஸைக் கடித்தபடி எதற்குப் பின் எந்த விசை என்று தாளில் எழுதினாள். மறுநாள் அத்தனையையும் F7 என்ற ஒரே விசைக்குள் அடக்கிவிட்டாள். பெயர், வயது, பிடிபட்ட இடம், பொலிஸ் நிலையம். இவை நான்கையும் அடிப்பதுதான் அவள் வேலை. மீதியைத் திரை தானே நிரப்பி அனுப்பியது.

"இது கடிதமே? படிவம்," என்றேன். "ஒவ்வொரு மனுசனுக்கும் வேற வேற மாதிரி எழுத வேணும்."

"நீர் எழுதும், றேமண்ட். வடிவா எழுதும்."

(அப்போதே நான் எழுத்தாளன். இரண்டு கதைகள் வெளியாகியிருந்தன. ஒன்றை என் சித்தப்பா வாசித்திருந்தார்.)

3

பேர்ணடெற்றுக்கு ஒரு குறை வைக்கப் பார்த்தேன். கல்நெஞ்சக்காரி என்று இந்தக் கதையின் ஒரு வரைவில் எழுதினேன். பச்சைப் பொய். F7 மிச்சம்பிடித்த நேரத்தில் அவள் பிடிபட்டவர்களைத் தேடி வந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், பொலிஸ் நிலையங்களுக்குச் சிங்களத்தில் போன் பண்ணினாள். நான் அந்நேரம் உரிச்சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

4

ஒருநாள் பக்கத்து ஜிந்துப்பிட்டியில் விடியவே சுற்றிவளைப்பு. இருபத்துமூன்று பேரைப் பிடித்துப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு லொறி வந்து அவர்களை வெளியூர்த் தடுப்பு முகாமுக்கு ஏற்றிப்போகும். அதற்குமுன் வெளிநாட்டிலிருந்து யாராவது விசாரித்தால் நிலையத்திலேயே வைத்திருப்பார்கள். முகாமுக்குப் போனவரைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பேர்ணடெற் இருபது பெயர்களை எடுத்தாள், நான் மூன்றை. பத்தரைக்கு அவள் முடித்துவிட்டாள். என்னிடம் ஒருவர் மிச்சம்: இராமர், சந்தையில் மூட்டை தூக்குபவர். அவருடைய மனைவி என் மேசை முன்னால் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டீங்களா சார்?"

திரையில் ஒரே வாக்கியம் இருந்தது. அதையும் நான்காவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பேர்ணடெற் என்னைத் திட்டவில்லை. "அக்கா, அவருக்கு எத்தனை வயசு?" என்று கேட்டு நான்கு விவரங்களையும் அடித்தாள். F7. திரை விறுவிறுவென்று ஓடியது. அப்படியொரு அழகான வேகம் என் எழுத்தில் இன்றுவரை வந்ததில்லை.

"போயிட்டுது," என்றாள். மணி 10:41.

5

முடிவு ஒன்று: லொறி பிந்தியது.

முடிவு இரண்டு: லொறி முந்தி... (எழுத மாட்டேன்.)

பேர்ணடெற் நிலையத்துக்குப் போன் பண்ணி, இராமர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டாள். பார்த்துவிட்டு வருவதாக மறுமுனையில் இருந்த பொலிஸ்காரர் போனார். அதற்குள் வாசலில் இன்னும் இரண்டு பெண்கள் அழுதபடி வந்து நின்றார்கள்.

"றேமண்ட், இதைப் பிடியும். நான் இவையளைப் பாக்கிறன்."

ரிசீவர் என் கையில். இராமரின் மனைவி என் வாயையே பார்க்கிறாள். மறுமுனையில் சப்பாத்துச் சத்தம் திரும்பி வருகிறது.

வாசகரே, கொஞ்சம் பிடியுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, இவள் முகத்தைப் பார்த்து, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.