ஜாடியில் ஒட்டிய சீட்டு

என் தம்பி சவரிமுத்து நடந்தால் தள்ளாடுவான். தலைவலி தாங்காமல் வாந்தி எடுப்பான். கள் வாடையே அவனுக்கு ஆகாது. கடல் தாண்டி வந்து நான் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸராக இருந்த ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில், அவனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "குடிகாரன், வேலைக்கு அனுப்பு" என்று சீட்டில் எழுதினார் வெள்ளைக்கார டாக்டர்.

மூன்றே வாரத்தில் தம்பி செத்தான். அறுத்துப் பார்த்தால் சிறுமூளையில் ஜாதிக்காய் அளவு கட்டி. அவன் முகம்கூட நினைவில்லாத டாக்டர், அபூர்வமான கட்டி என்று குதித்தார். சிங்கப்பூர் டாக்டர்கள் பார்க்க வருகிறார்கள், ஜாடியில் போட்டு வழக்கம்போல நோயாளியின் சீட்டை ஒட்டி வை என்றார்.

ஒட்டினேன்.

வந்தவர்களில் மூத்தவர் ஜாடியைத் தூக்கி, சீட்டைக் கையெழுத்து வரை உரக்கப் படித்தார். எல்லோரும் எங்கள் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் ஜாடியைப் பிடுங்கிச் சீட்டை நகத்தால் சுரண்டினார்.

"மேல வார்னிஷ் அடிச்சிருக்கேன் தொரை," என்றேன். "வராது."