எட்டாவது நிர்மலா

ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் நின்று "நிர்மலா!" என்று ஒரு குரல் கொடுத்தால் ஏழு பெண்கள் திரும்புவோம். ஏழு பேரையும் பிறந்த நிமிஷம் கையில் வாங்கியவர் பாக்டரி ஆஸ்பத்திரி நர்ஸ் நிர்மலா சிஸ்டர். கொடி சுற்றிய பிள்ளையைக்கூட அவர் விட்டுவிட்டதில்லை. அந்த நன்றிக்கு, முருகனைக் கும்பிடுகிறவர்களும் சரி, எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, பெண் பிறந்தால் அவர் பேரையே வைத்தார்கள். 'மாசில்லாதவள்' என்று அர்த்தமாம். அடையாளத்துக்கு ஒட்டு வேறு: குண்டு நிர்மலா, மாடி நிர்மலா. நான் பல்லு நிர்மலா. ரொம்ப சந்தோஷம்!

எண்பத்தாறில் ஒருநாள் பால்காரர் துலுக்கானம் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, அப்பாவிடம் பற்ற வைத்தார்.

"நைனா, நேத்து சாய்ங்காலம் உங்க கோட்ரஸு பொண்ணு ஒண்ணு அயனம்பாக்கம் ஏரிக்கரைல ஒர்த்தனோட குந்திகினு இருந்திச்சு. கொடை மறைச்சிகிச்சு, மூஞ்சி தெரில. அந்தாளு நிர்மலான்னு கூப்ட்டான்."

மற்ற ஆறு பேரும் அந்த நேரம் வீட்டில் இருந்தார்களாம். நான்தான் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து, பஸ் கிடைக்காமல் இருட்டி வந்தவள். போதாதா? அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, திங்கட்கிழமை சேரவேண்டியவள் நான். அப்பா என்னை உள்ளறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார். பூந்தமல்லியில் இருக்கும் மாமா மகன் பிரகாசத்துக்கு என்னைக் கட்டிவைக்க ஆள் அனுப்பினார். "நான் இல்லப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்னே ஏழு பேரில் யார் என்று கேட்டார். எட்டாவதாக ஒருத்தர் இருப்பது யார் மண்டையிலும் ஏறவில்லை. என் மண்டையிலும்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டரே வீட்டுக்கு வந்தார். நான் கதவில் காதை வைத்துக்கொண்டேன்.

"செபாஸ்டியன் அண்ணே, புள்ளய வெளிய விடுங்க. ஏரிக்கரைல இருந்தது நான்தான்."

அப்பா நாற்காலியைத் தள்ளி எழுந்தது கேட்டது. சிஸ்டர் மேலே சொன்னார்.

"அவரு பேரு ராயப்பன். பாடி பக்கம் ஒரு கம்பெனில வேலை. சம்சாரம் தவறிட்டாங்க. கட்டிக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். எனக்கும் நாப்பத்தி மூணு வயசாச்சு. இதுல என்ன தப்பு?"

என் வயிற்றில் பால் வார்த்தார், மகராசி. அடுத்த நிமிஷம் அப்பா விசும்புவது கேட்டது.

"எம் பொண்ணக் காப்பாத்த இப்படி ஒரு பழிய நீங்க ஏத்துக்கணுமா, சிஸ்டர்?"

"ஐயோ அண்ணே, சத்தியமா நான்தான்!"

"போதும் சிஸ்டர். உங்கள எனக்குத் தெரியாதா?"

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே என் கதவில் ஓங்கி அடித்தாள். "கேட்டியாடி? அவங்க பேர வெச்சிக்கிட்டு நீ பண்ற காரியமாடி இது?"

சிஸ்டர் தாழ்ப்பாளைத் தொட்ட சத்தம் கேட்டது. அப்பா அவரை மரியாதையாக விலக்கி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு அழக்கூட வரவில்லை, அப்படி ஒரு ஆத்திரம்.

திங்கட்கிழமை போயிற்று, வேலையும் போயிற்று. அப்பா பார்த்தவரிடமெல்லாம் சிஸ்டரின் பெருமையைச் சொல்லிச் சொல்லி, கையெடுத்துக் கும்பிடாத ஆளே இல்லை என்றாகிவிட்டது. அப்புறம் எந்த முகத்தோடு ராயப்பனைக் கூட்டிவருவார், பாவம்?

கோயிலில் பூசை நேரத்தில் எனக்கும் பிரகாசத்துக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த வாரம், மூன்றாம் லைன் வரதன் வீட்டில் பெண் பிறந்தது. "வேற பேரு வைங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சிஸ்டர் கெஞ்சினாராம். என்ன அடக்கம் பாரு என்று மெச்சி, அதற்கும் நிர்மலா என்றே வைத்தார்கள்.