அடிப்பலகை திறக்கும் சவப்பெட்டி

வியன்னாவில் மனிதன் வாழ்நாளெல்லாம் உழைப்பதே கடைசியில் ஒரு பிரமாதமான சவ ஊர்வலத்துக்காகத்தான். அரண்மனை ஆலோசகர் இக்னாஸ் ஹோல்ட்ஸலுக்கும் இது தெரியும். ஆனாலும் தத்துவ நூல்களாகப் படித்துத் தள்ளிய மயக்கத்தில், "பேட்டைக்கு ஒரே சவப்பெட்டி போதும்" என்று சக்கரவர்த்திக்கு எழுதிக்கொடுத்த புண்ணியவான் அவரேதான். விசையை இழுத்தால் அடிப்பலகை திறக்கும். பிணம் குழியில் விழும். பெட்டி அடுத்தவருக்குத் திரும்பும். பகுத்தறிவு ஆட்சியில் பலகைக்கும் சிக்கனம்.

சக்கரவர்த்திக்கு யோசனை பிடித்துப்போனது. லெர்ஷன்ஃபெல்ட் பேட்டைக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பேட்டையைச் சம்மதிக்கவைக்காவிட்டால் ஹோல்ட்ஸலுக்குக் கலீசியா எல்லைக்கு மாற்றல். அங்கே மழையும் முட்டைக்கோசும்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு, "மனிதர் யாவரும் சமம்" என்று ஆரம்பித்தார்.

"அப்படின்னா மொதல்ல நீங்க படுங்க, ஆலோசகர் ஐயா," என்றாள் தொத்திறைச்சி விற்கும் ரோசாலியா. "முதுகு உறுத்துதான்னு பாத்துச் சொல்லுங்க."

தத்துவம் படித்தவருக்கு ரோஷம் அதிகம். படுத்தார். மூடி விழுந்தது. பெட்டியைக் கொண்டுவந்திருந்த சவம் சுமப்பவர்களுக்கு மூடி விழுந்தால் தூக்கித்தான் பழக்கம், தூக்கினார்கள். பூசைக்கு வந்திருந்த சாவு வாத்தியக்காரர்களுக்கும் அப்படியே கை பரபரத்தது. பேட்டையே கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தது.

தட்டலாம் என்று ஹோல்ட்ஸல் கையை ஓங்கினார். அப்போது ரோசாலியாவின் குரல் கேட்டது.

"என்ன இருந்தாலும் தங்கமான மனுஷன்டி. புத்திதான் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

"ஆமாக்கா. டோப்பாவக்கூட நேரா வச்சுக்கத் தெரியாத அப்பாவி."

உத்தியோகக் காலம் முழுவதும் அவரைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகப் பேசியதில்லை. ஓங்கிய கை மார்பில் மடிந்தது. இன்னும் மெதுவாக நடக்க மாட்டார்களா என்று ஏங்கினார்.

கல்லறையில் யாரோ விசையை இழுத்தார்கள். அவர் வகுத்த ஏற்பாடு அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது.

சேற்றில் டோப்பாவைத் துழாவிக்கொண்டே, "எனக்கு இந்தப் பெட்டி வேணாம்! அடி மூடின பெட்டிதான் வேணும்!" என்று கத்தினார்.

"கேட்டீங்களா? எழுதினவரே வேணாங்கறாரு!" என்றாள் ரோசாலியா.

ஆணை வாபஸ். ஹோல்ட்ஸல் கலீசியாவுக்கு. பேட்டை பாசத்தோடு அந்தப் பெட்டியையே அவருக்குப் பரிசளித்தது. தத்துவ நூல்களையும் டோப்பாவையும் அதில் அடுக்கி வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டார், விசையை மறந்தார். போய்ச் சேர்ந்தபோது மூடியில் சிக்கிய டோப்பா மட்டும் மிச்சம்.

மறுவருடம் அந்தப் பாதை நெடுகிலும் குடியானவர்கள் பண்ணையார்களை எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். அவர்களில் யாருக்கும் எழுத்து தெரியாது என்பது வேறு விஷயம்.

"இந்தப் புரட்சியக் கெளப்பினதே நான்தான் தெரியுமா?" என்பார் ஹோல்ட்ஸல், சமையல்காரியிடம்.

"தெரியுமேங்க," என்று அவள் முட்டைக்கோசை வைப்பாள். "அடிப்பலகை வழியா."