பதினொரு நிமிடப் பேகடா

காலை ஆறரை மணிக்கு அறுபத்து மூன்று பேருடைய போன் ஒரே நேரத்தில் 'டிங்' என்று சிணுங்கும். கண்ணாடிக்காரர் தன் வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றைய ராகத்தை அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். கடை வயிற்றுக்கு, காலை ஆறரை மணி தனக்கு என்பார்.

ராகத்தை ஏனோதானோவென்று பொறுக்குகிற ஆள் இல்லை அவர். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, ஜன்னலைத் திறந்து, வானத்தை ஒரு நோட்டம் விடுவார். மழை பெய்கிற அன்றைக்கு அமிர்தவர்ஷிணி போடுகிறவன் சோம்பேறி என்பது அவர் கட்சி. மழைக்கு ஹிந்தோளம், அதுவும் தூறலாக இருந்தால்தான். திங்கட்கிழமை நீள ஆலாபனையே கூடாது. வேலைக்கு ஓடுகிறவர்கள் பாவம், துரிதமாக ஒரு சின்ன உருப்படி போதும். குழுவில் முந்தின நாள் யாராவது வாய்ச்சண்டை போட்டிருந்தால் சஹானா. பல் டாக்டரின் மகள் பரீட்சையில் கோட்டைவிட்ட அன்று, விஷயம் தெரியாமல் முகாரியைப் போட்டு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து யார் வீட்டில் என்ன நிலவரம் என்றும் விசாரித்து வைத்துக்கொள்வார்.

அனுப்பிய கையோடு முதல் பதில் சகலையிடமிருந்து வரும். சகலை என்றால் மனைவியின் அக்கா கணவர், அச்சகம் வைத்திருக்கிறார். 'காந்தாரத்தில் நின்றாரே, அதற்கே சொத்தை எழுதி வைக்கலாம்' என்கிற ரீதியில் எழுதுவார். அவர் சொத்து ஒரு அச்சு இயந்திரம்தான், அதுவும் பாதி நாள் ஓடாது. ஆனாலும் அந்த ஒரு வரிக்காகக் கண்ணாடிக்காரர் பல்லைக்கூடத் தேய்க்காமல் காத்திருப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், காது மட்டும் காலை வாராமல் இருந்திருந்தால். முதலில் ஜன்னலோரக் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு அழைப்பு மணி. கடையில் வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் சிரித்தபடி "ஆமா, ஆமா" என்று சமாளித்தார். "இந்த ஃப்ரேம் சீக்கிரம் உடைஞ்சிடுமா?" என்று கேட்ட அம்மாளிடமும் "ஆமா, ஆமா" என்றார். அந்த அம்மாள் திரும்பி வரவேயில்லை.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. கண்ணாடி போடக் கூச்சப்படுகிறவர்களுக்கு அரைமணி நேரம் புத்திமதி சொல்கிற அதே மனிதர்தான், காதுக்கு மெஷின் என்ற பேச்சை எடுத்தாலே கடைப் படியிறங்கி வேறு பக்கம் போய்விடுவார். காது கேட்காதவர் ராகம் பொறுக்குகிறார் என்று ஒருத்தர் சிரித்தால் போதும், ஆறரை மணி அவர் கையை விட்டுப் போய்விடும். அது போனால் தனக்கென்று என்ன மிச்சம் என்று அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

முன்பெல்லாம் ஒரு பதிவை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். இப்போது போனைக் காதில் ஒட்டிக்கொள்வார். உள்ளே ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை மனசே பாடிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. மூட்டத்துக்குப் பேகடாதான், வேறு பேச்சே இல்லை. பதினொரு வருஷம் முன்னால் ஒரு கச்சேரியில் அவரே முன்வரிசையில் உட்கார்ந்து பதிவு செய்தது. கனத்த சாரீரம், இப்போதும் அவருக்கு அட்சர சுத்தமாக நினைவிருக்கிறது. போனில் அது இரண்டு துண்டாகக் கிடந்தது. முதல் துண்டைக் காதில் வைத்தார். என்னவோ உறுமியது. சரி, ஆலாபனைதான் என்று கண்ணை மூடி மனசுக்குள் முழுப் பேகடாவையும் பாடி முடித்து, பரம திருப்தியோடு அனுப்பிவிட்டார்.

பதில்கள் கொட்டின. 'இரண்டாவது நிமிஷத்தில் அந்த ஒரு பிடி, கண் கலங்கிவிட்டது' என்று சகலை. 'இதுவல்லவோ பேகடா' என்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பல் டாக்டர் ஆறு கும்பிடு போட்டிருந்தார். கண்ணாடிக்காரர் அன்று முழுக்கக் கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி கடைக்கு வந்தாள். நூலகத்தில் வேலை, வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகிறவள், கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அவர் ஒரு ஃப்ரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் தொங்கிய அட்டையை 'மூடியுள்ளது' பக்கம் திருப்பிவிட்டு வந்து, தன் இயர்போனை அவர் காதில் மாட்டி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினாள்.

நாற்காலிகளை இழுக்கிறார்கள். யாரோ இருமுகிறார்கள். மிருதங்கத்தை ஒருவர் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கிறார். "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று ஒரு கட்டைக்குரல். இரண்டாவது நிமிஷத்தில் ஒரு நாற்காலி தடாரென்று சாய்கிறது. சகலைக்குக் கண் கலங்கியது அந்த இடத்தில்தான். பதினொரு நிமிஷமும் இதேதான். பாடகர் வாயே திறக்கவில்லை.

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் மெல்லப் பூசி மெழுகப் பார்த்தார். காலையில் அவசரம், இரண்டு துண்டில் ஒன்று மாறிவிட்டது, யாருக்கும் நடக்கிறதுதான் என்றார்.

அவள் இயர்போனைச் சுருட்டினாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"புல்லாங்குழல் வந்து ஏழு மாசம் ஆச்சுங்க. வயலின் போட்டு நாலு மாசம். பொம்பளைக் குரலே ரெண்டு மாசமா இல்ல. மெல்லிசான சத்தமெல்லாம் ஒவ்வொண்ணாப் போயி, வெறும் கட்டைக்குரலும் மிருதங்கமும்தான் வருது. பஸ்ல நாப்பது நிமிஷம், நீங்க அனுப்பறதைத்தானே நான் தினமும் கேக்கறேன்."

அவருக்குக் கை திருகாணியிலேயே நின்றுவிட்டது. குழுவில் அவள் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. குழு தொடங்கிய இந்த ஏழு வருஷத்தில் ஒரு கும்பிடுகூடப் போட்டதில்லை அவள். தான் மூடி மூடி மறைத்ததையெல்லாம் தானே தினமும் ஆறரை மணிக்கு அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்றார். அவராகச் சொல்வார் என்று பார்த்தாளாம்.

"எனக்குக் காது கேக்கலம்மா."

சொல்லியே விட்டார். கடை இடிந்து விழவில்லை. அவள் அவர் கையிலிருந்த ஃப்ரேமை வாங்கிக் கீழே வைத்தாள். ஒரு நல்ல காது டாக்டரை விசாரித்துப் போன மாதமே எண்ணைக் குறித்து வைத்திருப்பதாகவும், வியாழக்கிழமை போகலாம் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அறுபத்து மூன்று பேருக்கு என்று நினைத்துத் தினமும் வானத்தைப் பார்த்திருக்கிறோம், கேட்டதென்னவோ இவள் ஒருத்திதான் என்பது வருத்தமா சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை. சந்தோஷம்தான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ராகக் குழுவை மட்டும் சகலையிடம் ஒப்படைத்துவிடலாமா என்று இரவுச் சாப்பாட்டின்போது இழுத்தார். அவள் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே அடங்கியது.

மறுநாள் ஆறரைக்கு ராகம் போகவில்லை. நாலு தடவை அடித்துத் திருத்தி அவர் இப்படி எழுதி அனுப்பினார்: 'நேற்று உங்களுக்கு வந்தது பேகடா இல்லை. கச்சேரிக்கு முன்னால் நாற்காலி போட்ட சத்தம். எனக்குக் கொஞ்ச நாளாகக் காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் அனுப்பிவிட்டேன். நாளை டாக்டரிடம் போகிறேன். என் விஷயம் இதுதான். உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?'

குழு கப்சிப். எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சகலைகூட. கண்ணாடிக்காரர் பல்லைக்கூடத் தேய்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், தான் அதைக் கேட்கவேயில்லை என்று தலைமை ஆசிரியை ஒப்புக்கொண்டார். கும்பிடு போடுவது கை பழகிப்போய்விட்டது என்று பல் டாக்டர். மளமளவென்று அசடு வழிகிற முகங்களாக வந்து விழுந்தன. சிரிக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதைப் பார்த்து அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எட்டு மணிக்குச் சகலையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குழுவில் இல்லை, அவருக்குத் தனியாக.

'சகலை, எந்த டாக்டர்? எனக்கும் சேர்த்து ஒரு டோக்கன் போடுங்க. ரெண்டு வருஷமா எனக்கு எதுவுமே கேக்கறதில்ல, நீங்க ராகம் பேரைப் போடறீங்க, அதை வெச்சு ஓட்டறேன். வீட்டுல தெரிய வேண்டாம்.'

கண்ணாடிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். தோளுக்குப் பின்னாலிருந்து மனைவியும் படித்திருக்கிறாள் என்பது அவள் போனை எடுத்துக் காது டாக்டரின் எண்ணைத் தேடும்போதுதான் தெரிந்தது.

"அக்கா போன வருஷமே சொல்லிட்டா," என்றாள் அவள். "ரெண்டு டோக்கனாவே போட்டுடறேன்."